சத்சுமா வீரர் சைகோ தகமோரி

யப்பான் தேசத்தின் தென்பகுதியிலே கியூசூ என்னும் பெருந்தீவு உளது. அதன் தென்கோடியிலே, குடாக்கடலின்கண் நின்று புகைகக்கும் சக்குராசிமா என்னும் எரிமலையை எதிர்நோக்கியதாய், ககோசிமா நகரம் அமைந்திருக்கின்றது. முன்னாளிலே இது சத்சுமா என்னும் சிற்றரசின் தலைநகராய் விளங்கிற்று. இந்நகரிலே ஓர் ஆற்றங்கரையில், வறிய போர்க்குடியினர் வாழ்ந்த கஜியா என்றொரு சிறு குறிச்சி இருந்தது. புதிய யப்பானை உருவாக்கியோருள் முதல் வரிசையில் வைத்தெண்ணப்படும் சைகோ தகமோரியும் ஒக்குபோ தொசிமிச்சியும் அக்குறிச்சியிலே வளர்ந்தவர்கள். மஞ்சூரியாவிலே படைநடத்திய ஒயாமா இவாவோவும், 1905ஆம் ஆண்டிலே உருசியக் கடற்படையைச் சூசிமா நீரிணையில் அழித்த தோகோ ஹெய்ஹாச்சிரோவும் அக்குறிச்சிப் பிள்ளைகளே. ஒரு சிறு குறிச்சி இத்துணைப் பேரை எவ்வாறு ஈன்றது என்பது யப்பானியரே இன்றும் வியந்து பேசும் செய்தியாகும்.

உயர்வகுப்பிலே புறத்திணை கற்பிக்குங்கால் மாணாக்கர் என்னை ஒரு வினா வினவுவதுண்டு. ஆளில்லா வானூர்திகள் போர்க்களத்தை ஆளும் இக்காலத்திலே வாட்பயிற்சியும் வேற்பயிற்சியும் அணிநடையும் எதற்கு என்பதே அவ்வினா. திருவள்ளுவர் படைக்கென இரண்டு அதிகாரங்களை வகுத்தமை பண்டைக்காலத்துக்கு ஏற்றதேயன்றி இக்காலத்துக்கு ஏற்குமோ என்று கேட்போரும் உளர். இவ்வினாவை நூற்கொள்கைகளைக் கொண்டு விடுவித்தல் அரிது. ஒருவருடைய வாழ்க்கையை வைத்து ஆராய்தல் அதனினும் எளிது என்று எனக்குத் தோன்றுகின்றது. அதற்குச் சைகோவின் வாழ்க்கையிலும் பொருத்தமானதொன்றை யான் அறியேன். போர் இன்னதென்று ஏட்டிலே படித்தறிய வேண்டிய நிலை எம்மவர்க்கு இல்லை. ஆதலின் வீரத்தை வியந்து பாடுதற்பொருட்டு இதனை எழுதுகின்றேன் என்று எவரும் கருதவேண்டா.

சைகோ 1828ஆம் ஆண்டு தைத்திங்களிலே பிறந்தார். தந்தையார் சத்சுமா அரசின் கணக்குத்துறையில் ஒரு சிறு உத்தியோகத்தர். பிள்ளைகள் எழுவர்; வருவாயோ சிறிது. அந்நாட்டிலே போர்க்குடிச் சிறுவரைப் பயிற்றுதற்குக் கோஜூ என்றொரு முறை வழங்கிற்று. குறிச்சிதோறும் ஆறேழு வயதுச் சிறுவர் முதல் இருபத்துநான்கு வயதளவான இளைஞர் வரை ஒரு குழுவாய்ச் சேர்வர். மூத்தவர் இளையவர்க்குக் கற்பிப்பர். சம்பளம் பெறும் ஆசிரியர் எவரும் இலர். விடியலிலே எழுந்து மூத்தோர் வீட்டுக்குச் சென்று சீன நூல்களை நெட்டுருப்பண்ணல், பின்னர் மலையேறல், நீந்தல், மற்போர் புரிதல், மாலையிலே வாட்பயிற்சி என்றிவ்வாறு நாள் கழியும். எமது திண்ணைப் பள்ளியிலே சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடஞ்சொல்லும் வழக்கத்தை இது ஒருவாறு ஒக்கும். வேறுபாடு யாதெனில், அங்கே சட்டாம்பிள்ளையின் கையிலே பிரம்புக்குப் பதிலாக மரவாள் இருந்தது.

அவர்களுடைய வாட்பயிற்சி மிக எளியது. ஜிகென் மரபு என்று அதற்குப் பெயர். நிலத்திலே ஒரு கம்பத்தை நாட்டி, உரத்த குரலோடு ஓடிவந்து, கையிலுள்ள தடியினால் அதனை மேலிருந்து கீழாக இடமும் வலமும் அடித்தலே பயிற்சி. காலையில் மூவாயிரம் அடி, மாலையில் எண்ணாயிரம் அடி என்று கணக்குச் சொல்வர். தற்காத்தலென்பது அம்மரபிலே பெரும்பாலும் இல்லை. முதல் வெட்டே முடிவான வெட்டாதல் வேண்டும். அக்குழுக்களில் இதனிலும் சிறந்ததென யான் மதிப்பது வேறொன்று. மாலையிலே வட்டமாக அமர்ந்து ஒருவரையொருவர் இக்கட்டான வினாக்களால் மடக்குவர். தலைவனுடைய பகைவனையும் தந்தையினுடைய பகைவனையும் ஒரே வேளையிற் காண நேரின் எவனை முதலில் எதிர்த்தல் தகும் என்பது போன்ற வினாக்கள் அவை. தயங்காது விடைசொல்லவும், சொன்ன விடைக்குக் காரணங்காட்டவும் வேண்டும். உடலைப் பயிற்றியது கம்பம். உள்ளத்தைப் பயிற்றியது இவ்வட்டம்.

இனி, இவ்வாழ்க்கையின் விசித்திரம் ஒன்றைச் சொல்லவேண்டும். யப்பானியப் போர்மறவருட் கடைசிப் பெருவீரர் என்று உலகம் போற்றும் சைகோ வாட்போரில் வல்லவர் அல்லர். பதின்மூன்று வயதளவிலே சிறுவர் சண்டையொன்றில் அவருடைய வலக்கை வெட்டுண்டது. நரம்பு பழுதுற்றமையால் வாளை உறுதியாகப் பற்ற இயலாதுபோயிற்று. வாளைக் கைவிட்ட சிறுவன் நூல்களைப் பற்றினான். பதினாறு பதினேழு வயதிலே நாட்டுப்புறக் கந்தோர் ஒன்றில் உதவி இலிகிதராய் அமர்ந்து, உழவர் செலுத்தும் நெல்வரியைக் கணக்கிடும் தொழிலைப் பத்தாண்டுகள் செய்தார். விளைவு குன்றிய ஆண்டிலும் வரி குன்றாமையையும், உழவர் மாட்டை விற்று வரியிறுத்தலையும் கண்ணாரக் கண்டார். வரிக்கொடுமையைப் பற்றி மேலிடத்துக்கு விண்ணப்பங்களும் எழுதினார். அவ்விண்ணப்பங்களே சத்சுமா அரசர் சிமாசு நரியாகிராவின் பார்வையை அவர்பால் ஈர்த்தன என்பர். 1854ஆம் ஆண்டிலே அரசர் அவரைத் தம்முடன் எடோ நகருக்கு அழைத்துச் சென்றார். அந்நகரே இன்றைய தோக்கியோ.

அதற்கு முந்திய ஆண்டிலேதான் அமெரிக்கத் தளபதி பெரி கருங்கப்பல்களோடு வந்து யப்பானின் கதவைத் தட்டியிருந்தார். நாட்டை இருநூற்றைம்பது ஆண்டுகளாக ஆண்ட தொக்குகாவா சோகுன்களின் ஆட்சி ஆட்டங்கண்டது. நரியாகிரா தொலைநோக்குடையவர், இரும்புருக்கும் உலையும் கண்ணாடித் தொழிலும் பீரங்கி வார்ப்பும் சத்சுமாவிலே தொடங்கியவர். 1858ஆம் ஆண்டிலே அவர் திடீரென இறந்தார். சோகுனின் அமைச்சர் எதிர்க்கட்சியினரை வேட்டையாடத் தொடங்கினார். சைகோவோடு சேர்ந்து உழைத்த கெச்சோ என்னும் பௌத்த துறவி புகலிடந்தேடிச் சத்சுமாவுக்கு வந்தபோது, புதிய ஆட்சியாளர் அவரை ஏற்க மறுத்தனர். நண்பரைக் காக்க வழியறியாத சைகோ, குளிர்கால இரவொன்றிலே படகில் அவரோடு சென்று, இருவருமாகக் கடலிற் குதித்தார். துறவி இறந்தார், சைகோ பிழைத்தார். பிசிராந்தையாரைப் படித்த எமக்கு நண்பனோடு உயிர்விடுதல் புதுமையன்று. உயிர்விடத் துணிந்தும் விடமுடியாது எஞ்சியவனுடைய பின்வாழ்வு எத்தகையதென்பதை எமது நூல்கள் அவ்வளவாகச் சொல்லவில்லை. சைகோவிடம் பின்னாளிற் காணப்பட்ட உயிரின்மீதான அலட்சியத்துக்கு அவ்விரவே வித்து என்று யான் கருதுகின்றேன்.

அவர் இறந்துவிட்டாரெனச் சோகுனுக்குச் சொல்லிவிட்டு, அமாமித் தீவுக்கு அனுப்பி மறைத்துவைத்தனர். அங்கே மூன்றாண்டுகள் வாழ்ந்தார்; தீவுப் பெண் ஒருத்தியை மணந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரு மக்களைப் பெற்றார். மீண்டும் அழைக்கப்பட்டவர், ஆட்சித்தலைவரின் கட்டளையை மீறினாரென்று 1862ஆம் ஆண்டிலே மறுபடியும் தண்டிக்கப்பட்டார். இம்முறை ஒக்கினோயெராபு என்னும் சிறுதீவிலே, காற்றும் மழையும் தடையின்றிப் புகும் கூடு போன்ற சிறையில் அடைக்கப்பட்டார். காவலர் ஒருவரின் இரக்கத்தினால் வேறிடத்துக்கு மாற்றப்பட்டிராவிடின் அங்கேயே இறந்திருப்பார். கையிற் கிடைத்த சீன நூல்களை அங்கே ஆழ்ந்து கற்றார். தீவுச் சிறுவர்க்குப் பாடமுஞ் சொன்னார்.

அவர் சிறையில் இருந்த காலத்திலேதான், 1863ஆம் ஆண்டு ஆவணித் திங்களில், ஆங்கிலக் கடற்படைக் கப்பல்கள் ஏழு ககோசிமாவைப் பீரங்கியால் தாக்கின. ஆங்கில வணிகர் ஒருவரைச் சத்சுமா வீரர் வெட்டிக்கொன்றதற்கு அது பழிவாங்கல். நகரத்தின் ஒரு பகுதியும் ஆலைகளும் எரிந்தன. காலையில் மூவாயிரமும் மாலையில் எண்ணாயிரமும் அடித்துப் பயின்ற கைகள் கரையிலே நின்று பார்த்துக்கொண்டிருந்தன. கரையிலிருந்த பீரங்கிகளே விடைகொடுத்தன. இதன்பின் சத்சுமா செய்த செயல் வியக்கத்தக்கது. தம்மைத் தாக்கிய ஆங்கிலேயரோடு உறவு கொண்டு, 1865இல் தம் இளைஞர் சிலரை மறைவாக இங்கிலாந்துக்குக் கல்விக்கு அனுப்பினர். கப்பலும் துவக்கும் வாங்கினர். அடிபட்டவிடத்தே ஆசிரியனைத் தேடும் இக்குணமும் அப்பழைய பயிற்சியின் விளைவு என்றே சொல்லவேண்டும்.

1864இல் விடுதலைபெற்ற சைகோ, சத்சுமாவின் அரசியலையும் படையையும் தம் கையிற் கொண்டார். அதன்பின் நான்காண்டு நிகழ்ச்சிகள் விரைந்தோடின. பழம்பகையான சோசூ நாட்டோடு 1866இல் உடன்படிக்கை ஏற்பட்டது. 1868 தைத்திங்களிலே தோபா, புசிமி என்னுமிடங்களில், ஏறத்தாழ மும்மடங்கான சோகுன் படையைப் பேரரசர் சார்பினர் முறியடித்தனர். பின்னர் சைகோ எடோவை முற்றுகையிடச் சென்றார். ஆனால் நகரத்தைத் தாக்காமலே, சோகுனின் தூதர் கட்சு கைசூவோடு பேசிக் கோட்டையைப் பெற்றுக்கொண்டார். பத்திலட்சம் மக்கள் வாழ்ந்த மாநகரம் தீக்கிரையாகாது தப்பிற்று. அவர் செய்த போர்கள் அனைத்தினும் செய்யாதுவிட்ட இப்போரே அவருக்குப் புகழ் என்பது என் துணிபு.

புதிய அரசிலே அவர் பெற்ற இடம் உயர்ந்தது. 1871இல் சிற்றரசுகள் யாவும் ஒழிக்கப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் ஒக்குபோ உள்ளிட்ட தலைவர்கள் மேல்நாடுகளைக் காணச் சென்றபோது, நாட்டை நடத்தும் பொறுப்புப் பெரும்பாலும் சைகோவிடமே விடப்பட்டது. அப்பொறுப்பு அவர் கையில் இருந்த 1873 தைத்திங்களிலேதான், போர்க்குடியினர் மட்டுமன்றி எக்குடியிற் பிறந்த ஆடவரும் படைத்தொழில் செய்யவேண்டும் என்னும் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் வெளியாயிற்று. அதனை முன்னின்று வகுத்தவர் சோசூவைச் சார்ந்த யமகாத்தா அரித்தோமோ. சைகோவைச் சூழ்ந்திருந்த சத்சுமா வீரர் பலர் அதனை எள்ளினர். கலப்பை பிடித்த கை துவக்குப் பிடிக்குமோ என்பது அவர்தம் எண்ணம். சைகோவோ அதனைத் தடுக்கவில்லை. பத்தாண்டு உழவரோடு பழகிய பழைய இலிகிதருக்கு உழவனின் உரம் தெரிந்திருக்கும்.

இச்சட்டத்தையொட்டி ஒரு சொற்செய்தி உண்டு; தமிழாசிரியனாகிய யான் அதனைச் சொல்லாது செல்லல் இயலாது. குடிமகன் நாட்டுக்குச் செய்யும் படைச்சேவையை அரசின் அறிக்கை, மேல்நாட்டு வழக்கைப் பின்பற்றி, இரத்த வரி என்று உருவகித்திருந்தது. நாட்டுப்புறத்தார் உருவகத்தை உருவகமாகக் கொள்ளவில்லை. தம் பிள்ளைகளின் இரத்தத்தை அரசு உறிஞ்சி எடுக்கப்போகின்றது என்று அஞ்சிப் பலவிடங்களிற் கலகம் விளைத்தனர். அணியிலக்கணம் அறியாமையாலும் உயிர்ச்சேதம் உண்டு!

1873இன் பிற்பகுதியிலே கொரியாவைப் பற்றிய வழக்கு எழுந்தது. யப்பானின் தூதை ஏற்க மறுத்த கொரியாவுக்குத் தாமே தூதராகச் செல்லவேண்டுமெனச் சைகோ வற்புறுத்தினார். அங்கே தாம் கொல்லப்படின் அது போருக்குக் காரணமாகட்டும் என்பது அவர் கருத்தெனப் பலர் கொள்வர். அவ்வாறன்று, அமைதியையே நாடினார் என்பாரும் உளர். மேல்நாடுகளிலிருந்து மீண்ட ஒக்குபோ, ஆலையும் கல்விச்சாலையும் அமைப்பதற்கு முன் போர் கூடாதென்று தடுத்தார். ஒரே குறிச்சியில் வளர்ந்த நண்பர் இருவரும் அன்று பிரிந்தனர். சைகோ பதவியைத் துறந்து ஊர் திரும்பினார். காவற்படையிலிருந்த சத்சுமா அலுவலர் பெருந்தொகையினர் அவரைப் பின்தொடர்ந்தனர்.

ஊரிலே அவர் நாய்களோடு முயல்வேட்டையாடினார், வெந்நீரூற்றுகளில் நீராடினார், காட்டை வெட்டி உழுதார். வேலையற்றுத் திரியும் இளைஞரை நெறிப்படுத்துதற்கென 1874இல் தனிப்பள்ளிகள் நிறுவப்பட்டன. இப்பள்ளிகளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கின்றது. 2003இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படமொன்றைப் பார்த்தோர், சைகோவைப் பின்பற்றியோர் துவக்கை வெறுத்து வாளும் வில்லும் கொண்டே போரிட்டனர் என்று நினைக்கின்றனர். உண்மை அதுவன்று. தனிப்பள்ளியில் ஒன்று காலாட்படைப் பள்ளி. மற்றொன்று பீரங்கிப் பள்ளி. காலையிலே சீன அறநூல், பின்னர் துவக்குப் பயிற்சி என்பதே முறை. துவக்கை உண்மையாகவே வெறுத்தவர் வேறொரு கூட்டத்தார். குமமோத்தோ நகரிலே, தந்திக்கம்பியின் கீழே நடக்க நேரின் விசிறியால் தலையை மறைத்துக்கொள்ளும் அளவுக்குப் புதுமையை வெறுத்தோர் சிலர் இருந்தனர். 1876 ஐப்பசியில் அவர் நூற்றெழுபதின்மர் அளவில், வாளும் வேலும் மட்டுமே ஏந்தி, இரவிலே அந்நகரப் படைமுகாமிற் புகுந்து தளபதியைக் கொன்றனர்; விடியுமுன் துவக்குகள் அவர்களை முடித்துவிட்டன. தூய பழைமை நவீனத்தோடு மோதின் விளைவது யாதென்பதற்கு அவ்வோர் இரவே போதும். சைகோவின் கதை அவ்வளவு எளியதன்று. ஆதலினாலேயே அது ஆராயத்தக்கது.

அவ்வாண்டிலே போர்க்குடியினர் வாள் அணிதல் தடைசெய்யப்பட்டது. அவர்க்குரிய மானியமும் கடன்பத்திரமாக மாற்றப்பட்டது. 1877 தைத்திங்களின் இறுதியிலே, ககோசிமாவிலிருந்த வெடிமருந்தை அரசு இரகசியமாக அகற்ற முயன்றபோது, பள்ளி மாணவர் களஞ்சியங்களை உடைத்து ரவைகளைக் கைப்பற்றினர். சைகோ அப்போது வேட்டைக்குச் சென்றிருந்தார். செய்தி கேட்டுத் திடுக்குற்றார் என்பர். தம்மைக் கொல்லப் பொலிஸ் ஒற்றர் வந்துள்ளனர் என்னும் செய்தியும் அதனோடு சேர்ந்தது. தாம் வளர்த்த பிள்ளைகளைக் கைவிடவும் ஒல்லாது, தடுக்கவும் ஒல்லாது, அவர்கள் இழுத்த வழியே சென்றார். அரசை நேரிற் கேள்வி கேட்கச் செல்வதாகக் கூறிக்கொண்டு, மாசித்திங்களின் நடுவிலே, அந்நாட்டிலே காண்டற்கரிய கடும்பனியில், ஏறத்தாழப் பதின்மூவாயிரம் பேர் வடக்கே புறப்பட்டனர்.

வழியிலே குமமோத்தோக் கோட்டை நின்றது. அதனை முற்றுகையிட்ட சைகோ உழிஞை சூடினார் என்போமாயின், நொச்சி சூடியவர் தானி ததேக்கி என்னும் தளபதி. உள்ளே மூவாயிரத்தைந்நூற்றுவர் அளவில் இருந்தனர். பெரும்பாலோர் கட்டாயச் சட்டத்தினாற் சேர்க்கப்பட்ட உழவர் பிள்ளைகள். நான்காண்டுக்கு முன் கலப்பையின் பின் நடந்தோர். முற்றுகைக்கு முன்னரே கோட்டையின் நடுமாடம் எரிந்தது. உணவிலும் ஒரு பகுதி சாம்பலாயிற்று. சத்சுமா வீரரின் முதல் தாக்குதலிலேயே இவ்வுழவர் சிதறுவர் என்றே படைத்தலைவர் கிரினோ தோசியாக்கி முதலானோர் கருதினர். அவர்கள் சிதறவில்லை. ஐம்பது நாட்களுக்கு மேலாகப் பசியோடு நின்று சுட்டனர்.

இங்கே இரண்டு செய்திகளை ஊன்றி நோக்கல் வேண்டும். ஒன்று, அவ்வுழவரை நிறுத்தியது எது என்பது. வாள்மரபன்று, குலப்பெருமையன்று. நாள்தோறும் அணிவகுத்து நின்று, ஏவலுக்கு ஏற்ப நடந்து, இடப்பட்ட இடத்தைவிட்டு அகலாமையைப் பழகிய பழக்கம். அதுவும் பயிற்சியே, பயிற்சியின் வடிவம் மட்டுமே வேறு. மற்றொன்று, அவர்களைக் காத்த மதில். அது 1607ஆம் ஆண்டளவிலே கட்டோ கியோமாசா என்னும் சிற்றரசர் எடுப்பித்த பழங்கோட்டை. அடியிலே சரிந்தும் மேலே செங்குத்தாகியும், ஏறுவோனை உருட்டிவிடும் வளைந்த கன்மதில். பழங்குடி வீரர் வெளியே நிற்க, புதுப்படையைப் பழங்காலத்துக் கொத்தன் காத்தான்.

சைகோ அங்கேயே காலத்தை இழந்தார். கோட்டையைச் சிலரால் வளைத்துவிட்டு விரைந்து மேற்செல்ல வேண்டுமென்று சொன்னோரும் அவர் படையில் இருந்தனர். அதற்குள் அரசு தந்தியாற் செய்தி பெற்றுக் கப்பல்களிலே படையை இறக்கிவிட்டது. வடக்கிலிருந்து வந்த அரசபடையைச் சத்சுமா வீரர் தபருசாக்கா என்னும் மேட்டுவழியில் மறித்தனர். பங்குனி 4ஆம் நாள் முதல் 20ஆம் நாள் வரை, பதினேழு நாட்கள் அங்கே தும்பைப்போர் நிகழ்ந்தது (திங்கட்பெயர்களை மேல்நாட்டு மாதங்களுக்கு ஈடாகவே இங்கே வழங்குகின்றேன்). அரசபடை நாளொன்றுக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட ரவைகளைச் சுட்டது என்பர். எதிரெதிர் வந்த ரவைகள் வானிலே மோதி ஒட்டிக்கொண்டவை பின்னர் கண்டெடுக்கப்பட்டு, இன்றும் அவ்விடத்துக் காட்சிச்சாலையில் உள்ளன. மழை இடைவிடாது பெய்தது. சத்சுமாவினரின் வாய்வழிக் கெட்டிக்கும் துவக்குகளும் காகிதச் சுற்று மருந்தும் நனைந்து பயனற்றன. அரசபடையின் உலோகக்கூட்டு ரவைகளுக்கு மழையால் ஊறில்லை.

அவ்வேளையிலே சத்சுமா வீரர் வாளை உருவிக்கொண்டு பாய்ந்தனர். ஜிகென் மரபின் முதல் வெட்டு, அந்நெருக்கமான மேட்டுவழியிலே, உழவர் படையை உண்மையாகவே நடுங்கச்செய்தது. அதற்கு அரசு கண்ட மாற்று யாது? பொலிஸ் படையிலிருந்த முன்னாட் போர்க்குடியினரிலிருந்து நூற்றுவரளவில் தெரிந்தெடுத்து வாட்படையொன்றை அமைத்தது. அவருட் சிலர் அயிசு நாட்டினர். 1868இல் சத்சுமாவினரால் தம் ஊரை இழந்தவர்கள். பழைய பயிற்சியைப் பழைய பயிற்சியே எதிர்த்தது. வாள் அணிதலைத் தடுத்த அரசு மறு ஆண்டிலேயே வாள்வீரரைத் தேடிற்று என்பதை மறத்தல் கூடாது. எனினும் போரைத் தீர்த்தது வாளன்று. ரவையும், அரிசியும், அவற்றைச் சுமந்துவந்த கப்பலுமே தீர்த்தன. சத்சுமாப் படையிலே ஈயம் தீர்ந்தது, பணம் தீர்ந்தது, துணிமேல் அச்சிட்ட தாட்காசை ஊராரிடம் கொடுத்து உணவு பெற்றனர்.

பழைய பயிற்சி அவர்களுக்குச் சாகக் கற்பித்தது. நூறு நாட்போருக்கு எத்துணை ரவை வேண்டும் என்று கணக்கிட அது கற்பிக்கவில்லை. பத்தாண்டு கணக்கெழுதிய சைகோவும் அக்கணக்கை இப்போரிலே பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு விளங்காத புதிர். பார்த்தும் பொருட்படுத்தவில்லையோ என்று சிலவேளை தோன்றும். அவர் இப்போரிலே கட்டளையிட்டது குறைவு. பெரும்பாலும் மெய்க்காப்பாளரிடையே மௌனமாயிருந்தார்.

சித்திரையிலே கோட்டை மீட்கப்பட்டது. அதன்பின் மலைவழியே பின்வாங்கல்தான். ஆவணியிலே சைகோ தம் படையைக் கலைத்து, விரும்புவோர் சரணடையலாமென்று கூறி, தமது தளபதி உடையையும் தீயிலிட்டார். எஞ்சிய சிலநூற்றுவர் மலைகளைக் கடந்து ககோசிமா வந்து, ஊரின் நடுவேயுள்ள சிரோயமாக் குன்றிற் குகைதோண்டித் தங்கினர். அவர்கள் நானூற்றுவர்க்கும் குறைவு. சூழ்ந்தோர் ஏறத்தாழ முப்பதினாயிரவர். குன்றைத் தாக்கிய தளபதிகளுள் ஒருவர் அதே கஜியாக் குறிச்சியிற் பிறந்த ஒன்றுவிட்ட தம்பி ஒயாமா இவாவோ. 1877 புரட்டாதி 24ஆம் நாள் விடியற்காலையில் தாக்குதல் தொடங்கிற்று. குன்றிலிருந்து இறங்கி நடந்த சைகோவின் இடுப்பருகே ரவை பாய்ந்தது. அவர் நிலத்திலே அமர, பெப்பு சின்சுகே என்னும் துணைவர் மரபின்படி அவர் தலையைக் கொய்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. இருபக்கத்திலும் தனித்தனி ஆறாயிரவர்க்கு மேல் மாண்டனர். அரசுக்கு ஏற்பட்ட செலவு நான்கு கோடி இயனுக்கு மேல். மறு ஆண்டு வைகாசியிலே ஒக்குபோவும் தோக்கியோ வீதியில், சைகோவின் மரணத்துக்குப் பழிவாங்க எண்ணியோரால் வெட்டுண்டு இறந்தார்.

வென்ற படை தோற்றவரிடமிருந்து கற்றது எது என்பதே எமது வினாவுக்கு விடைதரும் பகுதி. வாட்படையின் திறமையைக் கண்ட பொலிஸ் தலைவர் கவாஜி, 1879இல் வாட்பயிற்சியைப் பொலிசாருக்குரியதாக்க முனைந்தார். அழியவிருந்த வாட்கலை அங்கே பிழைத்துக் கெண்டோ என்னும் விளையாட்டாய் வளர்ந்தது. அது உடலுக்கும் உள்ளத்துக்கும் நன்று, அதிற் பிழையில்லை. தோகோவோ போர்நடந்த காலத்தில் இங்கிலாந்திலே கப்பற்கலை கற்றுக்கொண்டிருந்தார். ஊரிலிருந்திருப்பின் தம் தமையன்மாரைப்போலச் சைகோவின் பின் சென்றிருப்பார். குறிச்சிக் குழுவிற் பெற்ற நெஞ்சுறுதியும் மேல்நாட்டிற் பெற்ற கணக்கும் ஒருவரிடத்தே சேர்ந்தபோது சூசிமா வெற்றி விளைந்தது.

ஆனால் தரைப்படை மெல்லமெல்ல வேறொன்றைக் கற்றது. உளவலிமை இருப்பின் இரும்பின் குறை நிரம்பும் என்னும் எண்ணமே அது. 1934இல் அலுவலர்க்குப் பழைய வாளின் வடிவிலே புதிய வாள் வகுக்கப்பட்டது. 1939இல் மங்கோலிய எல்லையிலுள்ள நொமொன்கானிலே, உருசியத் தளபதி சுக்கோவின் தாங்கிகளையும் பீரங்கிகளையும் அவ்வாளும் உளவலிமையும் எதிர்கொண்டன. யப்பானின் 23ஆம் டிவிசன் அங்கே பெரும்பாலும் அழிந்தது. அதன் பின்னரும் அவ்வெண்ணம் மாறவில்லை. பசிபிக் தீவுகளிலே இயந்திரத் துவக்கின் முன் வாளோடு பாய்ந்து இறந்தோர் எண்ணிறந்தோர். தபருசாக்காவிலே உழவர் பிள்ளைகளைக் கொண்டு வென்ற படை, தோற்ற சத்சுமாவினரின் பிழையை அறுபதாண்டு கழித்துத் தானே செய்தது. அதனைச் சைகோவின்மீது சுமத்துதல் முறையன்று. அவர் எடோவை எரிக்காது விட்டவர். அவர் பெயரை ஏந்தியோர் அதனை மறந்தனர்.

1889இல் பேரரசர் சைகோவின் குற்றத்தை மன்னித்து, இறந்தவர்க்கு உயர்பதவியும் அளித்தார். 1898இல் தோக்கியோவின் உவெனோப் பூங்காவிலே வெண்கலச் சிலை எடுக்கப்பட்டது. தளபதி உடை அதற்கில்லை; நாட்டுப்புற வேட்டைக்காரனைப்போல எளிய ஆடை உடுத்து, நாயொன்றைப் பிடித்து நிற்கின்றார். அவருடையதென ஐயமற நிறுவப்பட்ட ஒளிப்படம் ஒன்றேனும் இல்லாமையால், உறவினரின் முகச்சாயலைக் கொண்டே அவர் உருவத்தை வகுத்தனர். திறப்புவிழாவிலே அச்சிலையைக் கண்ட அவர் மனைவியார் தம் கணவர் இத்தகையவர் அல்லர் என்று வருந்தினாராம்.

அமாமித் தீவிலே பிறந்த மகன் கிக்குஜிரோ, சிறுவனாய் அமெரிக்காவிற் கல்வி பயின்று மீண்டு, பதினாறு வயதிலே தந்தையோடு போருக்குச் சென்றவர். போர்க்களத்திலே சுடப்பட்டு முழங்காலின் கீழே ஒரு காலை இழந்தார்; பணியாளர் ஒருவர் முதுகிலே சுமந்து சென்று அரசபடையிடம் ஒப்படைக்க, உயிர்பிழைத்தார். மரக்காலோடு அரசசேவையில் அமர்ந்து, தாய்வானிற் சிலகாலம் பணிசெய்து, 1904 முதல் 1911 வரை கியோத்தோ நகரபிதாவாய் இருந்தார். பீவா ஏரியிலிருந்து நகருக்கு இரண்டாவது கால்வாய் வெட்டுதலும், குழாய்வழியே குடிநீர் வழங்குதலும், வீதிகளை அகலித்துத் திராம் வண்டி ஓட்டுதலும் அவர் காலத்திலே தொடங்கப்பெற்றன.